பொறியில் பொறித்த பெயர்

நம் வீடுகளில் எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். தமிழ்நாட்டை விட்டு இவ்வளவு தொலைவு வந்து படிக்கும் நம்மில் பலர் விடுதிக்குக் கொண்டுவந்திருக்கும் தம்ளரைத் திருப்பிப் பார்த்தால், அதில் நம் பெயர் இராது. பாட்டியின் பெயர் இருக்கும். அல்லது எந்தத் திருமணத்திலோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒருவரின் பெயரும் தேதியும் இருக்கும். அதைக் கண்டு நாம் திகைப்பதில்லை. பெயர் கொடுத்தவருடையது, காப்பி குடிப்பவர் நாம் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் நிரல் எழுதுவதற்குரிய மென்பொருள் ஒன்றைத் திறக்கும்போது, "இப்பொருளுக்கு உரிமம் பெற்றவர்" என்ற வரியின் கீழ் முன்பின் அறியாத ஒருவரின் பெயர் நின்றால் மட்டும் நாம் திகைத்துப் போகிறோம். யார் இவர்? நம் கணிப்பொறிக்குள் எப்போது நுழைந்தார்? நாம் எழுதுவதை எல்லாம் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறாரா? ஆய்வுக்கூடத்திலும் விடுதி அறையிலும் இந்தக் கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. விடை தெரியாமல் "அது ஏதோ ஒரு பெயர், விடு" என்று தள்ளிவிடுவதும் உண்டு. தள்ளிவிடத்தக்க செய்தியன்று இது. அந்தப் பெயர் திரையோடு நின்றுவிடுவதில்லை. நாம் எழுதும் நிரலுக்குள்ளும் இறங்கிவிடுகிறது.

முதலில், பெயர் எதற்காக அங்கே வந்தது? மென்பொருளை விலைகொடுத்து வாங்குகிறோம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் வாங்குவது பொருளையன்று. அதைப் பயன்படுத்தும் அனுமதியை. பொருளைப் பிறர்க்குக் கொடுத்தால் நம்மிடம் இராது. மென்பொருளைக் கொடுத்தாலோ கொடுத்தவரிடமும் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். இந்தத் தொல்லை தொடக்கத்திலேயே தலைகாட்டியது. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்போது 20 வயதே ஆகியிருந்த பில் கேட்ஸ், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்ட்டேர் என்னும் சிறு கணிப்பொறிக்காகத் தாமும் நண்பர்களும் உருவாக்கிய பேசிக் மொழியைப் பலரும் காசு கொடாமல் படியெடுத்துக் கொள்கிறார்கள் என்பதே அதன் சாரம். 1983-இல் டர்போ பாஸ்கலை வெளியிட்ட போர்லாண்டு நிறுவனம் வேறு வழியில் சென்றது. இந்த மென்பொருளை ஒரு புத்தகத்தைப் போல நடத்துங்கள், கைமாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது என்று தன் உரிமத்தில் எழுதியது. எனக்குப் பிடித்த உரிமம் அதுதான். ஆனால் எல்லாரும் அவ்வளவு நம்பிக்கை வைக்கவில்லை. பெரும்பாலோர் வாங்கியவரின் பெயரைத் திரையில் பொறிக்கும் முறையைக் கைக்கொண்டனர். தன் பெயர் பளிச்சென்று தெரியும் படியைப் பத்துப் பேருக்குக் கொடுக்க யாருக்கும் சற்றுக் கூச்சமாக இருக்கும் அன்றோ? பூட்டுக்குப் பதிலாக நாணத்தைக் காவல் வைத்த ஏற்பாடு அது.

இப்படிப் பொறிக்கப்படும் பெயர்கள் இரு வகைப்படும். ஒன்று, வெறுமனே எழுதி வைத்த பெயர். மற்றொன்று, உரிம எண்ணோடு பிணைத்துக் கட்டிய பெயர். புரியாத பெயரைக் கண்டால் அது எவ்வகை என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

எழுதி வைத்த பெயருக்கு விண்டோஸ் நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கணிப்பொறியில் நிறுவும்போது பெயரையும் நிறுவனத்தையும் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அப்போது தட்டச்சு செய்தது எதுவோ அது ரெஜிஸ்ட்ரி எனப்படும் உட்பதிவேட்டில் "ரெஜிஸ்டர்டு ஓனர்", "ரெஜிஸ்டர்டு ஆர்கனைசேஷன்" என்ற இரண்டு இடங்களில் அமர்ந்துவிடும். உண்மைப் பெயரா, பொய்ப் பெயரா என்று எவரும் சரிபார்ப்பதில்லை. பின்னால் வரும் மென்பொருள்கள் பல, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கும் கட்டத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தாமே நிரப்பிக் காட்டும், நாமும் அடுத்த பொத்தானை அழுத்திவிடுவோம். 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 போன்றவற்றின் முகப்பில் தெரிந்த பெயர்கள் பெரும்பாலும் இவ்வாறு வந்தவையே.

கடையிலிருந்து ஆயத்தமாக வரும் கணிப்பொறியிலோ, வாங்கப் போகிறவர் யார் என்பது நிறுவியவருக்கே தெரியாது. ஆகையால் "உரிமையாளர்" என்றோ, "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்" என்றோ, கணிப்பொறி செய்த நிறுவனத்தின் பெயரையோ போட்டு அனுப்பிவிடுவார்கள். எச்.பி. கணிப்பொறிகள் பலவற்றில் "ஹியூலட் பேக்கார்டு கம்பெனி" என்ற பெயர் நிறுவனப் பெயராக இருந்தது இப்படித்தான். ஆய்வுக்கூடங்களில் நடப்பது இன்னொரு விதம். 40 கணிப்பொறிகளுக்கும் தனித்தனியே மென்பொருள் நிறுவ யாருக்குப் பொறுமை? ஒன்றில் எல்லாவற்றையும் அமைத்து, அதன் வட்டை அப்படியே அச்சுப்போல் எடுத்து, மற்ற 39-லும் பதித்துவிடுவார்கள். முதல் கணிப்பொறியில் உட்கார்ந்த உதவியாளர் தம் பெயரைத் தட்டியிருந்தால், 40 திரைகளிலும் அவரே உரிமையாளர்! அவர் வேலையை விட்டுப் போய் எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அவர் பெயர் நிலைத்து நிற்கும்.

இந்த வகைப் பெயரால் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. அவர் நம்மைப் பார்க்கவில்லை. அவருக்கு நாம் இருப்பதே தெரியாது. பிணைத்துக் கட்டிய பெயரின் கதைதான் வேறு.

அது எவ்வாறு பிணைக்கப்படுகிறது என்பதை ஒரு சிறு விளையாட்டுக் கணக்கால் பார்ப்போம். நம் மெய்யெழுத்துகளுக்கு வரிசையெண் கொடுப்போம்: க் என்றால் 1, ம் என்றால் 10, ல் என்றால் 13, ன் என்றால் 18. "கமலம்" என்னும் பெயரை எடுத்துக்கொண்டு, முதலெழுத்தின் எண்ணை ஒன்றாலும் இரண்டாம் எழுத்தின் எண்ணை இரண்டாலும் என்று இப்படியே பெருக்கிக் கூட்டுவோம். 1, 20, 39, 40; கூட்டினால் 100. அதை 7-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டினால் 705. கமலம் அம்மையார் பணம் கட்டியதும் நிறுவனம் அவருக்கு 705 என்ற எண்ணை அனுப்பும். அவர் பெயரையும் எண்ணையும் தட்டியதும் மென்பொருள் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். 705 வந்தால் கதவு திறக்கும். யாரோ ஒருவர் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் "கமலன்" என்று மாற்றினால் கணக்கு 929 என்று வரும், கதவு திறவாது. எனவே எண் வேண்டுமென்றால் கமலத்தின் பெயரையும் சுமந்தே தீர வேண்டும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. சரிபார்க்கும் கணக்கு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பொறுமையுள்ள ஒருவர் அதைப் பிரித்து ஆராய்ந்தால் 7-ஐயும் 5-ஐயும் கண்டுபிடித்துவிடுவார். பிறகு எந்தப் பெயருக்கும் எண் செய்து தரும் சிறு நிரல் ஒன்றையே எழுதிவிடுவார். "கீஜென்" என்று வழங்கும் கள்ளச்சாவி நிரல்கள் இவைதாம்.

இந்த ஓட்டையை அடைக்கக் கைகொடுத்தது 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்ற மூவர் வகுத்த வழியைப் போன்ற குறியாக்க முறைகள். இவற்றில் சாவி இரண்டு. ஒன்று முத்திரையிட, அது நிறுவனத்தின் பெட்டகத்தை விட்டு வெளியே வராது. மற்றொன்று முத்திரையைச் சரிபார்க்க மட்டும்; அதுதான் மென்பொருளுக்குள் இருக்கும். அரசனின் மோதிர முத்திரையை ஓலையில் கண்டு எவரும் அடையாளம் சொல்லலாம். மோதிரம் இல்லாமல் புது ஓலைக்கு முத்திரையிட முடியாது. சரிபார்க்கும் சாவியைப் பிரித்தெடுத்தாலும் அதைக்கொண்டு புது உரிமம் செய்ய இயலாது.

அப்படியானால் திருட்டுப் படி செய்பவருக்கு இரண்டே வழிகள். மென்பொருளையே வெட்டி ஒட்டி, சரிபார்க்கும் பகுதியை ஊமையாக்குவது ஒன்று. யாரோ முறையாக வாங்கிய உண்மையான உரிமத்தைக் கவர்ந்து ஊரெங்கும் பரப்புவது மற்றொன்று. இரண்டாம் வழியில் வந்த படியில்தான் அந்தப் புரியாத பெயர் வந்து நிற்கிறது: எங்கோ ஓர் அயல்நாட்டுக்காரர், ஒரு சிறு நிறுவனம், சில வேளைகளில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் முத்திரைக்குள் இருப்பதால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அந்தப் பெயருக்குரியவரைக் குற்றவாளி என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலும் அவர் பறிகொடுத்தவர். நிறுவனம் அடுத்த பதிப்பில் அந்த உரிமத்தைத் தள்ளுபடிப் பட்டியலில் சேர்க்கும்போது, காசு கொடுத்த அவருக்கும் சேர்த்துத்தான் கதவு அடைபடுகிறது.

இந்தப் பெயர் எதுவரை போகும் என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 2004-இல் பி.சி. வெல்ட் என்னும் ஜெர்மன் கணிப்பொறி இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மீடியா பிளேயரை அறிமுகப்படுத்தும் விளக்கப் பகுதிக்கெனச் சில ஒலிக் கோப்புகள் உண்டு. அவற்றைச் சாதாரண நோட்பேடில் திறந்து கடைசிக்குப் போனால், சவுண்டு ஃபோர்ஜ் 4.5 என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் பெயரும், அதன் அருகில் "டீப்ஸோன்" என்ற பெயரும் தெரிந்தன. அது மென்பொருள் பூட்டுகளை உடைத்துப் பரப்பிய ரேடியம் என்ற குழுவைச் சேர்ந்த ஒருவரின் புனைபெயர்! சவுண்டு ஃபோர்ஜ் தன்னைப் பதிவு செய்தவரின் பெயரைத் தான் எழுதும் ஒவ்வொரு கோப்பிலும் குறித்து வைக்கும் இயல்புடையது. படியெடுத்தலை எதிர்த்து 1976-லேயே கடிதம் எழுதியவரின் நிறுவனம் விற்ற பொருளுக்குள், பூட்டுடைத்தவரின் கையொப்பம் உலகெங்கும் சென்றிருக்கிறது.

நாமும் அதே நிலையில்தான் இருக்கிறோம். விஷுவல் ஸ்டுடியோவில் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கைச் சேர்ந்த சி ஷார்ப் திட்டம் ஒன்றைத் தொடங்கினால், "அசெம்ப்ளி இன்ஃபோ" என்ற கோப்பைப் பொறியே எழுதித் தரும். அதில் நிறுவனம் என்றொரு வரி, பதிப்புரிமை என்றொரு வரி. இரண்டையும் அது எங்கிருந்து நிரப்புகிறது? முன்னே சொன்ன "ரெஜிஸ்டர்டு ஆர்கனைசேஷன்" என்ற பதிவிலிருந்துதான். அதனால் மாணவர்களும் பொழுதுபோக்காக எழுதுவோரும் பொதுவில் வைத்த எத்தனையோ நிரல்களில் "பதிப்புரிமை ஹியூலட் பேக்கார்டு கம்பெனி" என்ற வரியை இன்றும் காணலாம். இரவெல்லாம் கண்விழித்து எழுதியவர் ஒருவர். உரிமை கொண்டாடும் வரியோ கணிப்பொறி செய்து விற்றவர் பெயரில்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றால், சட்டம் குறுக்கே நிற்கிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. அதன் 55-ஆம் பிரிவு, வெளியான படியில் ஆசிரியர் என்றோ பதிப்பாளர் என்றோ யார் பெயர் காணப்படுகிறதோ, உரிமை மீறல் வழக்கில் அவரையே அவ்வாறு கொள்ள வேண்டும் என்கிறது. மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில். பொறி தானாக நிரப்பிய நிறுவனப் பெயர் இதற்குள் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அந்த வாதத்திற்கு நாமே ஏன் இடம் கொடுக்க வேண்டும்? ஒரு வரியைத் திருத்த அரை நிமிடம் போதும்.

ஜாவா எழுதுவோருக்கு வேறொரு விதத்தில் இது வந்து சேரும். நெட்பீன்ஸ் புதிய கோப்பின் தலையில் "ஆசிரியர்" என்று குறித்து, கணிப்பொறியில் அப்போது நுழைந்திருப்பவரின் பயனர் பெயரைப் போட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் அது "ஸ்டூடண்ட்" என்றோ "லேப்" என்றோ இருந்தால் இழப்பில்லை. நண்பரின் மடிக்கணிப்பொறியை இரவல் வாங்கி எழுதினால், ஒப்படைப்பில் நண்பர் பெயர் ஆசிரியராக நிற்கும். வாங்கிப் பார்க்கும் பேராசிரியர் என்ன நினைப்பார்? படியடித்தவர்கள் அந்த வரியை நீக்க மறந்து பிடிபடுவது வழக்கமாதலால், நேர்மையாக எழுதியவரையும் அந்த வரி ஐயத்திற்கு உள்ளாக்கிவிடும். வேர்டில் எழுதும் ஆய்வேட்டிலும் இதே நிலைதான்: ஆசிரியர், கடைசியாகச் சேமித்தவர் என்று இரண்டு பெயர்கள் கோப்புக்குள் மறைந்திருக்கும்.

அந்த மறைந்த பெயர் எவ்வளவு பேசும் என்பதை 2005-இல் அமெரிக்கா கண்டது. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 10 பேரைக் கொன்று பல்லாண்டுகள் அகப்படாதிருந்த ஒருவன், தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்கு ஃபிளாப்பி வட்டு ஒன்றை அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டிருந்த வேர்டு கோப்பு ஒன்றைக் காவல்துறையினர் மீட்டுப் பார்த்தபோது, நிறுவனம் என்ற இடத்தில் ஒரு லூத்தரன் திருச்சபையின் பெயரும், கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் "டென்னிஸ்" என்ற பெயரும் இருந்தன. அந்தச் சபையின் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தவர் டென்னிஸ் ரேடர். சில நாள்களில் கைது. ஆனால் அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவனைக் குற்றவாளி என்று முடிவு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் காட்டியது எந்தக் கணிப்பொறி என்பதைத்தான். ஆளை உறுதி செய்ய மரபணுச் சோதனை வேண்டியிருந்தது.

புரியாத பெயரோடு வரும் படிக்குள் வேறு என்ன வருகிறது என்பதும் தெரியாது. 2009 ஆகஸ்டில் இண்டக் என்ற நச்சுநிரல் வெளிப்பட்டது. அது டெல்ஃபி என்னும் நிரலாக்க மென்பொருளை நாடிப் போய், 4 முதல் 7 வரையிலான பதிப்புகளில் ஒரு பொதுக் கோப்புக்குள் தன்னை எழுதிக்கொண்டது. அதன்பின் அந்தக் கணிப்பொறியில் உருவாக்கும் ஒவ்வொரு நிரலும் பிறக்கும்போதே நோயோடு பிறந்தது. எழுதியவருக்கோ எதுவும் தெரியாது. 2015 செப்டம்பரில் வந்தது எக்ஸ்கோடுகோஸ்ட். ஆப்பிள் இலவசமாகவே தரும் எக்ஸ்கோடை, பதிவிறக்கம் மெதுவாக இருக்கிறதென்று சீன நிரலாளர்கள் சிலர் வேறு இடத்திலிருந்து எடுத்தனர். அந்தப் படியில் கள்ளநிரல் கலந்திருந்தது. பல கோடிப் பேர் பயன்படுத்தும் வீச்சாட்டின் ஒரு பதிப்பும் அதனால் கெட்டது. உண்ணும் சோற்றில் கல் இருந்தால் நமக்கு மட்டும் பல்வலி. விதைநெல்லில் பதர் கலந்தால் வயலே கெடும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உரிமை மீறிய படி என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இலாபத்திற்காகவோ தொழிலிலோ பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. "தெரிந்தே" என்ற சொல்லில்தான் திரையில் தெரியும் அயலார் பெயர் வந்து உறுத்துகிறது. நாள்தோறும் கண்முன் நிற்கும் பெயரைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்? விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பு மாணவருக்கு இலவசம். மேட்லாபுக்கு மாற்றாக ஆக்டேவ் இருக்கிறது. கள்ளப் படிக்கு இன்று தேவையே மிகக் குறைவு.

உங்கள் கணிப்பொறியில் பெயரைப் பார்க்க, விண்டோஸ் தேடல் கட்டத்தில் "வின்வெர்" என்று தட்டினால் போதும். மாற்ற வேண்டுமாயின் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்.டி., கரண்ட் வெர்ஷன் என்று இறங்கினால் அந்த இரண்டு வரிகள் இருக்கும். சொந்தப் பொறியில் தாராளமாகத் திருத்தலாம். ஆய்வுக்கூடப் பொறியில் கை வைக்காதீர்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பிணைத்த பெயரை மாற்ற வழி கிடையாது. அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, உரியவர் தரும் படியை நிறுவுவதுதான் வழி.

இனிக் கிட். இன்று குழுவாக நிரல் எழுதுவோர் அதைத் தவிர்க்க முடியாது. அதிலும் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு பெயரும் மின்னஞ்சல் முகவரியும் ஒட்டிக்கொள்கின்றன. அவை நாம் அமைப்பில் எழுதி வைத்தவை என்பதல்லாமல் வேறு சான்று இல்லாதவை. 2021 மார்ச் 28 அன்று பி.எச்.பி. மொழியின் மூல நிரலிலேயே பின்கதவு ஒன்று நுழைக்கப்பட்டது. அந்த மாற்றங்களைச் செய்தவர்களாகக் காணப்பட்ட பெயர்கள் யாருடையவை தெரியுமா? அம்மொழியைப் படைத்த ராஸ்மஸ் லெர்டார்ஃபும், அதன் முதன்மை நிரலாளர்களில் ஒருவரான நிகிதா போபோவும். இருவரும் அவற்றைச் செய்யவில்லை; யாரோ அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். மற்ற நிரலாளர்கள் விழிப்பாக இருந்ததால் அது வெளியீட்டுக்குள் போகுமுன் பிடிபட்டது. பெயரோடு குறியாக்க முத்திரையும் இடும் வசதி கிட்டில் உண்டு. உரிமத்திற்குச் சொன்ன அதே இரட்டைச் சாவி முறைதான்.

ஆய்வுக்கூடத்தில் ஒரே கணக்கில் பலரும் நுழையும் கணிப்பொறியில் "குளோபல்" என்று சேர்த்துப் பெயரை அமைத்தால், உங்களுக்குப் பின் உட்காருபவரின் வேலையெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். முன்னவர் அப்படிச் செய்திருந்தால் உங்கள் வேலை அவர் பெயரில். "குளோபல்" என்ற சொல்லை விட்டுவிட்டு, உங்கள் திட்டக் கோப்புறைக்குள் மட்டும் பெயரை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றினால் பழைய பதிவுகளில் ஏறிய பெயர் தானாக மாறாது. ஆதலால் ஒப்படைக்குமுன் "கிட் லாக்" என்று தட்டி, ஆசிரியர் என்ற வரியில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.